ஒன்று விட்டு ஒரு வரிசை

என் புரோகிராமில் தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கரிக்கலாம்பாக்கத்தில் இன்று யாரைக் கேட்டாலும் மணவாளன் வீட்டு மருமகள் கம்ப்யூட்டரில் என்னமோ தப்பாகப் போட்டுவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் புரோகிராமை அலசுகிறவர்களில் ஒருத்தருக்காவது பைத்தான் என்றால் என்னவென்று தெரியுமா? தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்கள்.

என் மாமனார் மணவாளனுக்கு ஊருக்குத் தெற்கே நாலு காணி நிலம். நீளவாக்கில் கிடக்கும். கிழக்குத் தலைப்பில் வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற பஸ் ரோடு. மேற்குக் கடைசியில் எங்கள் போர்வெல். அந்த போரில் கொஞ்ச வருஷமாக உப்புத்தண்ணீர்தான் வருகிறது. அந்தப் பக்கம் பொன்னி நட்டால் பயிர் நுனி கருகி நிற்கும். போன அறுப்பில் ரோட்டுப் பக்கமும் விளைச்சல் சரியில்லை. அது புகையான் பூச்சி தாக்கினதாலா, உப்பு அங்கேயும் ஏறிவிட்டதாலா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவருக்குச் சந்தேகம் வந்தால் சாப்பாடு இறங்காது, எங்களுக்கும் இறங்க விடமாட்டார்.

போருக்கு அந்தாண்டை இருந்த வயல்களெல்லாம் இப்போது மனைகள். மஞ்சள் கல் நட்டு, வளைவு கட்டி, நகர் என்று பேர் வைத்தாகிவிட்டது. அதைப் போட்டவர் நாகராஜன். எங்கள் நிலம் முழுசும் கிடைத்தால் அவருடைய லேஅவுட்டுக்கு நேராக பஸ் ரோட்டிலிருந்தே வழி வந்துவிடும். அதனால் வாரத்தில் ரெண்டு தடவையாவது வந்து, மாமாவின் முழங்கால் வலியை விசாரித்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போவார். மாமா கடைசியில் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து முடிவாகச் சொன்னார்.

"உப்பு போர்ப் பக்கம் மட்டுந்தான்னா அத மட்டும் குடுத்துடலாம். மீதிய நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க. முழுசும் ஏறிடுச்சுன்னா வச்சிக்கிட்டு இன்னா பண்றது, மொத்தமா தள்ளி வுட்டுடலாம்."

என் வீட்டுக்காரர் புகழ்வேந்தன் அன்று சாயங்காலம் நிலத்துக்குப் போனவர் இருட்டின பிறகுதான் வந்தார். திருபுவனையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வந்த ஆள் அவர். கம்பெனிக்குப் போன காலத்தில் வீட்டில் ஒரு மூலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னொரு மூலையில் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான் குடித்தனம். நிலத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புருஷன் என்று ஒருத்தர் இருப்பதே தெரிந்தது. அந்த நிலம் போனால் எது போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நான்தான் சொன்னேன், அளந்து பார்த்துவிடலாம் மாமா என்று.

நான் புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். விடிந்தால் எண்கள், அடைந்தால் எண்கள். என்னோடு படித்த ஒருத்தியிடம் உப்பு மீட்டர் இருந்தது. ஈர மண்ணில் கம்பியைச் செருகினால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். மாசிக் கடைசியில் யாரும் எதிர்பாராத மழை ரெண்டு நாள் பெய்து, அறுத்த தாளெல்லாம் ஊறிக் கிடந்தது. இதைவிட நல்ல சமயம் வராது. அவளிடம் வாங்கி வந்த மீட்டரை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, ஒரு குழந்தைக்குச் சொல்வதைப் போலத் தெளிவாகத்தான் சொன்னேன்: ரோட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பிங்க, கயிறு கட்டிக்கிட்டு மேற்கே போங்க, வரிசைக்கு இருபது இடம், மொத்தம் பதினைந்து வரிசை, வரிசை வரிசையாக எனக்குச் சொல்லுங்க. இதில் எந்த இடத்தில் குழப்பம் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

கையெல்லாம் சேறு என்பதால் அவர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பினார். வரிசைக்கு ஒன்று. ஒன்னு புள்ளி ரெண்டு, ஒன்னு புள்ளி நாலு, ஒன்னு புள்ளி மூணு என்று ஏலம் விடுகிற மாதிரி போகும். நடுநடுவே யாருக்கோ வணக்கம் சொல்வார், ஒரு நாயை விரட்டுவார். ஆறாவது வரிசையில், மூன்றாவது இடத்தில், "இங்க எலி வங்கு, வுடு" என்று அந்த எலி வளையைத் தாண்டிப் போய்விட்டார். நான் எல்லாவற்றையும் ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றினேன். அவருக்கும் தெரியட்டும் என்று அவர் போனிலும் அதைத் திறந்து வைத்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு நான் பின்னால் அனுபவித்தேன்.

நான் புரோகிராம் எழுதுகிற பைத்தான் மொழியில் நம்பை என்று ஒரு சாமான் இருக்கிறது. எண்களை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் ஒரே மூச்சில் கூட்டும், பெருக்கும், சராசரி எடுக்கும். ஒரே நீளமாக வந்த முந்நூறு எண்ணைக் கொடுத்து, வரிசைக்கு இருபது என்று சொன்னால் போதும், பாத்தி கட்டி நிறுத்திவிடும். அதற்கு ரீஷேப் என்று பேர். ஆனால் தானாக ஒரு கேள்வி கேட்காது. இந்த எண் நிலத்தில் எந்த மூலையிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. அந்த விஷயத்தில் எங்கள் வீட்டு ஆண்களுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் சராசரி கேட்டேன். 'நேன்' என்றது, அதாவது எண்ணே இல்லை என்று. ஒரே ஒரு எலி வங்கு காலியாக விட்டிருக்கிறது, அதற்கு நாலு காணிக்கும் பதில் கிடையாதாம். இருக்கிறதை மட்டும் வைத்துப் போடு என்று அதற்கு வேறு ஒரு முறை இருக்கிறது, அப்படிச் சொன்ன பிறகு பணிந்தது. அடுத்து படம் போட்டேன். நல்ல மண் பச்சை, உப்பு மண் சிவப்பு. மாமா, அத்தை, அவர், மூன்று பேரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, படம் வந்தது.

மேற்கே மட்டும் இருக்கவேண்டிய சிவப்பு கிழக்கேயும் இருந்தது. ஒரு வரிசையில் போர்ப் பக்கம் சிவப்பு, அடுத்த வரிசையில் ரோட்டுப் பக்கம் சிவப்பு, அதற்கடுத்ததில் மறுபடி போர்ப் பக்கம். ரெண்டு சீப்பை எதிரெதிராக வைத்துப் பல்லைக் கோத்த மாதிரி இருந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். ரோட்டுப் பக்கமும் ஏறிடுச்சா என்று மெதுவாகக் கேட்டார்.

உப்பு இப்படி வரிசை பார்த்து ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆகவே அளந்ததில்தான் கோளாறு என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும் விட்டேன், பாதி வரிசைக்கு மேல் எங்கேயோ நிழலில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று. அத்தையும் மாமாவும் இருந்தார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது.

"நடந்து நடந்து காலு வெடிச்சிருக்குது எனக்கு. ஒன் பொட்டிக்கு என் நெலத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்றார்.

"நீங்க சொன்னத தவிர அதுக்கு வேற எதுவும் தெரியாது. அதான் இந்த லட்சணத்துல இருக்குது."

அவ்வளவுதான். அதோடு பேச்சு நின்றது. மாமா எழுந்து போய், வர்ற ஞாயிற்றுக்கிழமை அச்சாரத்தோடு வரும்படி நாகராஜனுக்குப் போன் போட்டார். முழு நிலத்துக்கும்.

எங்கள் வீட்டில் சண்டை போட்டால் சத்தம் வராது, அதுதான் பெரிய தொல்லை. சத்தம் போட்டுத் தீர்த்துக்கொள்கிற குடும்பங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நாங்கள் ரெண்டு பேரும் அந்த வாரம் முழுக்க ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு, ஒரே பாயில் முதுகைக் காட்டிப் படுத்து, ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை விருத்தாம்பாள் பாடுதான் திண்டாட்டம். அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு என்று என்னிடம் சொல்வார், நான் கேட்க மாட்டேன், பிறகு அவரே போய்க் கேட்டுக்கொண்டு வருவார். என் வீட்டுக்காரரும் சளைத்தவர் இல்லை. தன் சட்டை எங்கே என்று அடுப்பங்கரைக்கு நேராக நின்றுகொண்டு காலண்டரைப் பார்த்துக் கேட்பார்.

பேசாவிட்டால் என்ன, நிலத்தை விட்டுவிட எனக்கு மனசில்லை. கம்பெனி வேலை முடிந்ததும் அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண்களைத் தப்பாக ஏற்றினேனா என்று பார்த்தேன், இல்லை. வரிசையும் நிரலும் இடம் மாறிவிட்டதா என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன், இன்னும் கேவலமாக வந்தது. புள்ளிக்குப் பதில் கமா விழுந்து எண் எழுத்தாகிவிட்டதா என்றும் பார்த்தாகிவிட்டது. ஒரே வரி, ஒரே ரீஷேப், அதில் ஒளிந்துகொள்ள ஒரு கொசுவுக்குக்கூட இடமில்லை. வேலை இடத்தில் கோடிக்கணக்கான எண்களைப் போட்டுப் புரட்டுகிறவள் நான். சொந்த வீட்டில் முந்நூறு எண்ணில் வழுக்கி விழுந்தால் ஆத்திரம் வராதா?

சனிக்கிழமை மத்தியானம் வேறு வழி தெரியாமல் வாய்ஸ் மெசேஜ்களை முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். எண்களுக்காக இல்லை. எங்கேயாவது நாற்காலி இழுக்கிற சத்தம், டீக்கடைப் பாட்டு, ஏதாவது ஒன்று கேட்டால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான் காதில் மாட்டினேன். முதல் மெசேஜில் ஆரம்பத்தில் பஸ் ஹாரன், லாரி, ரோட்டு இரைச்சல். போகப் போக அது தேய்ந்து, கடைசியில் லேஅவுட்டில் மண் தள்ளுகிற ஜேசிபி உறுமல். சரி, ரோட்டிலிருந்து போருக்குப் போயிருக்கிறார்.

இரண்டாவது மெசேஜ் ஜேசிபியில் ஆரம்பித்தது. பஸ் ஹாரனில் முடிந்தது.

மூன்றாவது ரோட்டில் ஆரம்பித்தது. நாலாவது மறுபடி ஜேசிபியில். எனக்கு எழுந்து போய் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மருந்தடிக்கிற டேங்க்கை முதுகில் மாட்டினால் எந்த விவசாயியும் ஒரு கோடி வரைக்கும் அடித்துக்கொண்டு போய், அங்கேயே திரும்பி, அடுத்த வரிசையில் அடித்துக்கொண்டே வருவான். வெறுங்கையோடு திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற பைத்தியக்காரன் எந்த ஊரிலும் கிடையாது. இவர் கையில் மீட்டரைக் கொடுத்தாலும் கால் மருந்தடிக்கிற காலாகத்தான் நடந்திருக்கிறது. எண்களெல்லாம் சரி. ஒன்று விட்டு ஒரு வரிசை தலைகீழாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் வரிசை வரிசையாக என்று சொன்னேன், அவரும் வரிசை வரிசையாகத்தான் போயிருக்கிறார். இதற்காகவா ஒரு வாரம் முதுகைக் காட்டிப் படுத்தோம்?

புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். இரட்டைப்படை வரிசைகளை மட்டும் பின்னாலிருந்து முன்னாலாகத் திருப்பு. நம்பையில் அது கண் சிமிட்டுகிற நேரத்து வேலை. ஓட்டினேன். சிவப்பு மொத்தமும் மேற்கே போய் ஒதுங்கியது, போரைச் சுற்றி நிலத்தில் கால்வாசிகூட இல்லை. மீதி பச்சை. ரோட்டுப் பக்கத்துக் குறைச்சலுக்கு உப்பு காரணமே இல்லை, புகையான்தான். நான் தனியாக உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, ஆத்திரமா என்று கேட்டால் ரெண்டும்தான்.

அப்போதே எழுந்து போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் முதலில் பேசுவதா என்கிற வீம்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாளைக்கு நாகராஜன் முன்னால், மாமா முன்னால், இவர் அளந்தது அத்தனையும் சரி என்று படம் போட்டுக் காட்டினால், நான் ஒரு வார்த்தையும் பேசாமலே அவருக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அது மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. கம்பெனி வேலை ஒன்று அவசரமாக வர, லேப்டாப்பில் அதைத் திறந்தேன். சாயங்காலம் அவர் வீட்டில் இல்லை. வாய்க்கால் பக்கம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகராஜன் வெள்ளை வேட்டியில் வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அச்சாரக் கவர். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு முழங்கால் வலியை விசாரித்தார். நான் லேப்டாப்போடு போய் மாமா எதிரில் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் பாருங்க மாமா, அன்னைக்குப் போட்ட படம் தப்பு, இப்ப சரியா வரும் என்றேன். சுவரில் சாய்ந்து நின்றிருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்திலும் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அது எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை. நேற்றைய படத்தையே திறந்து காட்டியிருக்கலாம். ஆனால் கண் முன்னால் ஓட்டிக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று நினைத்து, ஷீட்டிலிருந்து எண்களை எடுக்கச் சொல்லி ஓட்டிவிட்டேன். புதுப் படம் பழைய படத்தை அழித்துவிட்டு அதன் மேலேயே ஏறி உட்கார்கிற மாதிரிதான் எழுதி வைத்திருந்தேன், மகா புத்திசாலி.

சீப்பு வந்தது.

அதே சீப்பு. பல்லுக்குப் பல் அப்படியே. நான் மறுபடி ஓட்டினேன். மறுபடி சீப்பு. நாகராஜன் எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ரோட்டோரம் வரைக்கும் இருக்குதே ஐயா என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தப்படுவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பார்த்தவர் முகம் விழுந்துவிட்டது.

ஷீட்டைத் திறந்தேன். ஆறாவது வரிசையில் மூன்றாவது கட்டம் காலியாக இருக்கவேண்டும். அதில் எண் இருந்தது. காலிக் கட்டம் பதினெட்டாவதாக இருந்தது. ஒரு ராத்திரியில் எலி வங்கு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து வருமா? எண்களெல்லாம் லேசாக வேறாக இருந்தன. ஓரத்தில், கடைசியாக மாற்றியவர் புகழ்வேந்தன், நேற்று ராத்திரி என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒரு வாரத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து அவருக்கு வந்த முதல் வார்த்தை, அத்தனை பேர் முன்னாலும், இதுதான்.

"மறுபடி அளந்தீங்களா?"

"ஆமா" என்றார். "நீ தான சொன்ன, ரோட்டுப் பக்கத்திலேர்ந்து ஆரம்பிக்கணும்னு. யோசிச்சுப் பாத்தேன். நான் போயிப் போயி அந்தாண்டையே திரும்பிக்கிட்டேன்னு அப்பறந்தான் ஒறச்சுது. அதான் நேத்து ஒவ்வொரு வரிசைக்கும் ரோட்டுக்கே வெறுங்கையா திரும்பி வந்து, மொதல்லேர்ந்து எடுத்தேன். எலி வங்கு ஒன்ன தவிர எல்லாம் எடுத்தாச்சு. ஷீட்டுல நானே ஏத்திட்டேன், நீ பாத்துக்குவன்னு."

பதினைந்து வரிசையையும் இரட்டை நடை நடந்திருக்கிறார். இன்னும் காயாத சேற்றில். நான் சொன்ன மாதிரி நடக்கவேண்டும் என்று. நான் அவர் நடந்த மாதிரி புரோகிராமைத் திருப்பி வைத்திருந்தேன். அவர் எனக்காக நேராக்கினதை நான் அவருக்காக மறுபடி கோணலாக்கிவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. திட்ட ஆளே இல்லாத கோபத்தைப் போல ஒரு கொடுமை கிடையாது.

நேற்றுச் சேர்த்த அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். சிவப்பு மேற்கே ஒதுங்கியது. பச்சை விரிந்தது. நேற்று நான் பார்த்த அதே படம், இன்னும் கொஞ்சம் சுத்தமாகவே இருந்தது. பாருங்க மாமா, இதுதான் நிஜம் என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுகிற மாதிரி கேட்டது. என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னேன், அவர் நடந்தது, நான் திருப்பினது, அவர் மறுபடி நடந்தது, எல்லாம். அவரும் நடுவில் புகுந்து சொன்னார். நாகராஜன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு வரி போட்டா உப்பு, எடுத்தா வெள்ளாம. நல்லாத்தான் இருக்குது தம்பி. நாளைக்கு இன்னும் ஒரு வரி போட்டா முப்போகம் வெளையுமா?"

மாமா அவரைக் கையமர்த்தினார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். போர் இருக்கிற மூலையில் விரலை வைத்தார். பிறகு அங்கிருந்து ரோட்டுப் பக்கம் வரைக்கும் பச்சைமேல் விரலை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். தலையை ஆட்டினார். அவர் நம்பிவிட்டார் என்று தெரிந்து எனக்கு மூச்சே வந்தது. என் வீட்டுக்காரரும் அப்படித்தான், தோளைத் தளர்த்தினதைப் பார்த்தேன்.

"படம் சரிதான்" என்றார் மாமா. "உப்பு எங்க இருக்குதுன்னு கேட்டேன், தெரிஞ்சிபோச்சு. மீதிய நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்கன்னு சொன்னேன் பாரு, அதுதான் நான் போட்ட தப்புக் கணக்கு."

லேப்டாப்பை என் பக்கமே திருப்பி வைத்தார்.

"இவன் ஒரு பக்கம் திருத்துறான். நீ ஒரு பக்கம் திருத்துற. ஒரே வூடு, ஒரே பாயி. ஒரு வார்த்த இல்ல. நாளைக்கு மட தொறந்துட்டு வந்தேன்னு இவன் ஒங்கிட்ட சொல்லமாட்டான், நீ போயி அடச்சிட்டு வருவ. உரம் போட்டாச்சுன்னு நீ சொல்லமாட்ட, இவன் ஒருக்கா போடுவான். நான் இருக்கற வரைக்கும் நடுவுல நின்னு கத்துவேன். அப்பறம் யாரு கத்துறது? ஒங்க அத்தயா? அவ பாவம், ஒரு வாரமா சோறு வேணுமான்னு தூது போயி எளச்சிட்டா."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அத்தை வாசற்படியில் நின்றபடி, வேணாங்க, யோசிச்சு செய்யுங்க என்றார். மாமா யோசித்து முடித்த ஆளாகத்தான் இருந்தார். எழுந்து, தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, மேஜைமேல் இருந்த தட்டை ரெண்டு கையாலும் எடுத்தார். நாகராஜன் எழுந்து கும்பிட்டார். ரெண்டு பேரும் பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார்கள். நாலு காணியும் போயிற்று.

என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எது அந்த வரி, காட்டு என்றார். காட்டினேன். ஒற்றை விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார், படிக்கத் தெரியாதவர் கடிதத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

"நான் மறுபடி அளக்காம வுட்டிருந்தா இது சரியா வந்திருக்கும்?"

"ஆமா."

"நீ இத எழுதாம வுட்டிருந்தாலும் சரியா வந்திருக்கும்?"

"ஆமாங்க."

"சொல்லியிருக்கலாம்ல அருளு?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. வாய்ஸ் மெசேஜ் கேட்டது, ஜேசிபி சத்தம், அழுதது, அவர் முகத்தைப் பார்க்க நான் போட்ட திட்டம், எல்லாவற்றையும் கொட்டினேன். அவரும் சொன்னார். எந்த வரிசையில் காலில் முள் குத்தியது, எங்கே நின்று பார்த்தால் நிலம் முழுசும் தெரியும், கடைசி வரிசையில் இருட்டிவிட்டதால் போன் வெளிச்சத்தில் எண்ணைப் படித்தது, போர்ப் பக்கத்தைக் கொடுத்தபிறகு மீதியில் உளுந்து போடலாம் என்று வரப்பில் உட்கார்ந்து நினைத்தது. ஒருத்தர் முடிக்கும் முன்னால் இன்னொருத்தர் ஆரம்பித்தோம். அழுதுகொண்டேதான் ரெண்டு பேரும் பேசினோம். வெளியே நாகராஜன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அப்போதும் நாங்கள் பேசிக்கொண்டேதான் இருந்தோம்.